சங்குக்கு எழுந்த ஊர்

எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் இருந்தது. ஆனால் அம்மா அதைப் பார்த்து நான் கண்டதில்லை. ஃபேக்டரி சங்குதான் அவளுக்கு மணி. காலையில் முதல் சங்கு ஊதுவதற்குள் அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கு சைக்கிளில் தொங்கியாக வேண்டும். ஆவடி எச்.வி.எப்., அதாவது கனரக வாகனத் தொழிற்சாலை, எஸ்டேட்டில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஜப்பானில் கோட்டையைச் சுற்றி எழுந்த ஊர்களுக்கு ஜோகாமாச்சி என்று பெயர், கோட்டையடி ஊர். மதிலை ஒட்டிப் பெரிய பதவிக்காரச் சாமுராய்கள், தள்ளித் தள்ளிச் சின்னவர்கள், அதற்கும் அப்பால் கொல்லர், தச்சர், வணிகர். இதைப் படித்தபோது எங்கள் குவாட்டர்ஸ்தான் கண்முன் வந்தது. டைப் ஒன், டைப் டூ என்று வீட்டு வாசலே அப்பாவின் கிரேடைச் சொல்லிவிடும். நாங்கள் டைப் டூ.

ஆவடி என்பதே ராணுவ வண்டிகளின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்வார்கள். நானும் வெகுகாலம் நம்பினேன். ஃபேக்டரி வந்தது 1961-ல். அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1955 ஜனவரியில், சோஷலிச பாணிச் சமுதாயம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது இதே ஆவடி மாநாட்டில்தானே! ஊர்ப் பெயர் ஃபேக்டரிக்கு மூத்தது.

மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அப்பா வீட்டில் பேசமாட்டார். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததை மட்டும், தன் தங்கைக்குக் கல்யாணம் ஆனது போலச் சொல்வார். ஆயுத பூஜையன்று எங்களையும் உள்ளே விடுவார்கள். அப்பாவின் லேத்துக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. கட்டிங் ஆயில் வாடையும் ஊதுவத்தி வாடையும் கலந்து அடிக்கும். டாங்கியின் செயினுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய இரும்புக்கு இத்தனூண்டு பழமா என்று கேட்டேன். அப்பா சிரிக்கவில்லை. "அது ஓட்டுற பையனுக்குடா" என்றார்.

ஷிப்ட் விட்டால் கேட்டிலிருந்து சைக்கிள்கள் புறப்படும். ரோட்டைக் கடக்க முடியாது. கடக்க யாரும் அவசரப்படவும் மாட்டார்கள். அவரவர் வீட்டு மணிச்சத்தம் அவரவருக்குத் தெரியும்.

ஜப்பானில் அப்படியொரு கோட்டையடி ஊரான கனசாவாவில் 1881 தீயில் கோட்டை பெரும்பாலும் எரிந்துபோனது; கோட்டையடித் தெருக்கள் பிழைத்துக்கொண்டன. எங்களுக்கு நேர்மாறு. 2021 அக்டோபரில் ஃபேக்டரி, நிகாம் என்ற புதிய அரசு நிறுவனத்தின் கீழ் போனது. மதிலும் டாங்கியும் அப்படியே இருக்கின்றன. சைக்கிள்கள் இல்லை. போன வருஷம் போய்ப் பார்த்தேன். எங்கள் பிளாக்கில் ஜன்னலுக்குள் அரசங்கன்று முளைத்திருந்தது. நிலைப்படியில் அப்பா பெயின்டால் எழுதிய வீட்டு எண் மட்டும் அழியவில்லை. அதைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அம்மா இப்போது என்னோடு அம்பத்தூரில் இருக்கிறாள். சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்துக்கு, எந்தச் சங்கும் ஊதாமலே, எழுந்துபோய் அடுப்பில் பால் வைக்கிறாள்.