பஞ்ச காலத்து ரோஜா

அன்புள்ள கயல்,

அயர்லாந்தின் கார்க் நகரில் இன்னும் குளிர் விடவில்லை என்று உன் அப்பா சொன்னான். நடுவில் ரோஜா வைத்த கிரானி ஸ்கொயர் என்ற குரோஷா சதுரம் போடக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருந்தாய். கட்டாயம் சொல்லித் தருகிறேன். ஆனால் அந்த ரோஜா எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள். நீ இப்போது இருக்கிறாயே, அந்த நாட்டுப் பூ அது.

1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகளில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் பொய்த்துப் போக, பட்டினியிலும் காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு ஜனம் கப்பலேறிப் போனது. அந்தக் காலத்தில்தான் கார்க் பக்கத்து பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர் மடத்தார் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள். வடக்கே குளோனிஸ் ஊரில் 1847-ல் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் அதே வேலையைத் தொடங்கிவைத்தார். ஒரு கொக்கி ஊசியும் பருத்தி நூலும் இருந்தால் போதும், வேறு முதல் தேவையில்லை.

பணக்காரர்கள் அன்று ஆசைப்பட்டது வெனிஸ் நகரத்து லேஸுக்கு. அதைத் தையல் ஊசியால் இழை இழையாகக் கோத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அயர்லாந்துப் பெண்கள் அதன் அழகைக் குரோஷாவில் வெகு சீக்கிரம் கொண்டுவந்தார்கள். அதற்குக் காரணம், வேலையைப் பிரித்துக்கொண்டதுதான். ஒரு வீட்டில் ரோஜா, இன்னொரு வீட்டில் இலை, வேறொரு வீட்டில் அவர்கள் நாட்டு மூவிலைச் செடியான ஷாம்ராக். கைதேர்ந்தவர்கள் அவற்றையெல்லாம் வலைப்பின்னலால் இணைத்துக் கழுத்துப் பட்டையாகவும் ரவிக்கையாகவும் ஆக்கினார்கள். விற்ற காசு வீட்டில் உலை வைக்க உதவியது.

அந்த ரோஜாவைப் போடும் விதம் இன்றும் பெரிதாக மாறவில்லை. ஆறு சங்கிலி போட்டு வளையமாக்கு. அதற்குள் எட்டு சிங்கிள் குரோஷா போடு, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று சங்கிலி விடு. எட்டு வளைவு கிடைக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு சிங்கிள், ஒரு ஹாஃப் டபுள், மூன்று டபுள், மறுபடி ஒரு ஹாஃப் டபுள், ஒரு சிங்கிள் போட்டால் ஓர் இதழ். பிறகு பூவைக் கவிழ்த்து, இதழ்களுக்குப் பின்னால் ஐந்தைந்து சங்கிலியாக எட்டு வளைவு கட்டி, இன்னும் பெரிய இதழ்களைப் போடு. முன்னடுக்கு தானாக எழும்பி நிற்கும். பின்னால் மறுபடி எட்டு வளைவு கட்டி, பச்சை நூலுக்கு மாறு. ஒரு வளைவில் மூன்று டபுள், அடுத்ததில் மூன்று டபுள், இரண்டு சங்கிலி, மூன்று டபுள் என்று மாற்றி மாற்றிப் போட்டு வா. நான்கு மூலை விழுந்து, வட்டம் சதுரமாகிவிடும்.

சதுரத்துக்குத் தனிக் கதை உண்டு. அச்சில் கிடைத்த கிரானி ஸ்கொயர் குறிப்புகளுள் மிகப் பழையது, சிகாகோவிலிருந்து வந்த 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற விவசாயப் பத்திரிகையில் 1885-ல் வெளியானது. மிச்சம் மீதி உல்லன் நூல் வீணாகாது. அடுப்பு வேலைக்கு நடுவே ஒரு கட்டத்தை முடித்து எடுத்துவைக்கலாம். வீட்டு வேலையிலேயே பொழுது போய்விடும் பெண்களுக்கு அது மிகவும் தோதாக இருந்தது. பின்னாளில் ஐரிஷ் ரோஜா அந்தக் கட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

ஒன்றை மறக்காதே, கயல். நிட்டிங்குக்கு எத்தனையோ மெஷின் உண்டு. குரோஷாவை அப்படியே போட்டுத் தள்ளும் மெஷின் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. எவ்வளவு மலிவான கடையில் தொங்கினாலும் அது யாரோ ஒருவரின் கை போட்டதுதான். நம் பக்கத்திலேயே, ஆந்திராவின் கோதாவரிக் கரை நரசாபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1844-ல் விதைத்த குரோஷா லேஸ் தொழில் இன்றும் நடக்கிறது. 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களைப் பற்றிச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் போடுகிறார்கள் என்று சொல்லியே அவர்களுக்கு அற்பக் கூலி கொடுக்கப்பட்டதை அதில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முதலில் நீயே ஒரு கட்டம் போட்டுப் பார். அந்தச் சின்னப் பூ எவ்வளவு நேரத்தை வாங்குகிறது என்று உன் விரல்களுக்கே தெரியும். அதன் பிறகு கையால் செய்த எந்தப் பொருளையும் நீ பேரம் பேசி வாங்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை