சீசன் முடிந்த பிறகும் அரோசா

சுவிஸ் மலை ஊரான அரோசாவுக்கு நம்மவர்கள் வருவது பெரும்பாலும் பெப்ரவரியில்தான். சூரிச்சிலிருந்தும் லுட்சேர்னிலிருந்தும் விடியவே ரயிலேறிக் குடும்பமாக வருவார்கள். ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ஒபர்சே ஏரி உறைந்து வெள்ளைத் திடலாகக் கிடக்கும். பிள்ளைகள் பனியில் உருள்வார்கள். பெரியவர்கள் படம் எடுப்பார்கள். கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சல் பிரியும். பின்னேரம் நாலு மணி ரயிலுக்கு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். போகும்போது யாராவது ஒருவர் என்னிடம் கட்டாயம் கேட்பார்: “பனி இல்லாத நாளில இங்க இருந்து என்னண்ணை செய்யிறீங்கள்?”

ரயில் புறப்படுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சுவிஸுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு முதலில் அகப்பட்டது ஹோட்டல் குசினி வேலை. பெரிய சட்டி கழுவுவது, மரக்கறி வெட்டுவது, குப்பை வாளி இழுப்பது. மலை ஊர்களில் அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவைப்பட்டது, எங்களுக்கும் வேலை தேவைப்பட்டது. ஊரில் கடன் இருந்தது, கூப்பிட்டு எடுக்கவேண்டிய தம்பி தங்கைகள் இருந்தார்கள். அந்தப் பாரத்தோடு இருந்தவர்கள் மலையைக் குசினி ஜன்னலால் பார்த்ததில் வியப்பில்லை. மேலே உள்ள மலை விருந்தாளிக்கு, கீழே உள்ள குசினி எங்களுக்கு என்று யாரும் சொல்லாமலே ஒரு பாகப்பிரிவினை நடந்துவிட்டது. அந்தப் பாகப்பிரிவினையை நான் ஏற்கவில்லை.

சட்டமும் ஏற்கவில்லை. சுவிஸ் குடியியல் சட்டக்கோவையின் 699ஆம் பிரிவு, காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் எவரும் போகலாம், ஊர் வழக்கத்துக்கு உட்பட்டுக் காட்டுப்பழமும் காளானும் பொறுக்கலாம் என்று சொல்கிறது. அந்தச் சட்டக்கோவை 1912 முதல் நடைமுறையில் இருக்கிறது. எவரும் என்றால் எவரும்தான். வதிவிட அனுமதி எந்த எழுத்தில் இருக்கிறது என்று அங்கே கேள்வி இல்லை.

இங்கே வந்து சேரும் வழியே ஒரு அனுபவம். கூர் நகர ஸ்டேஷனுக்கு முன்னாலிருந்து புறப்படும் சிறிய ரயில், முதலில் ட்ராம் மாதிரி தெருவில் கார்களோடு சேர்ந்து ஓடும். பிறகு ப்ளெசூர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஓரமாக ஏறத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடும். பாதை திறந்தது 1914இல். லாங்வீஸ் என்ற இடத்தில் ஆற்றுக்கு மேல் 62 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம் வரும். அதன் நடு வளைவு மட்டும் 100 மீட்டர் அகலம். கம்பி வைத்த கொங்கிறீற்றில் அவ்வளவு பெரிய ரயில் பாலத்தை அந்தக் காலத்தில் கட்டியது பெரிய துணிச்சல். வருகிறவர்கள் லாங்வீஸ் வரைக்கும் வலப்பக்க ஜன்னலில் இருங்கள்.

ஹோட்டல் வேலையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும் வரை ஒரு இடைவேளை உண்டு. சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். அநேகமாக இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. கால் கடுக்க நின்றவர்கள் அந்த நேரத்தில் படுப்பார்கள், அது நியாயம். நான் சப்பாத்தை மாற்றிக்கொண்டு நடப்பேன். இந்த ஊரை எனக்குத் தந்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

அதிகம் நடந்தது அணில் பாதையில். அரோசாவிலிருந்து மாரான் மேட்டுக்குக் காட்டு வழியே போகும் அந்தப் பாதையை ஐக்கோர்ன்லிவேக் என்பார்கள். பாதை சாய்வு குறைவு. பிள்ளை வண்டியோடு போகிறவர்களையும் வயது போனவர்களையும் அங்கே காணலாம். இங்கத்தைய அணிலுக்கு எங்கள் ஊர் அணிலின் முதுகுக் கோடு கிடையாது. கருமையான கபில நிறம், வெள்ளை வயிறு, காதில் குஞ்சம். குந்தியிருந்து, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, அதில் ஹேசல் கொட்டையை வைத்து அசையாமல் இருக்கவேண்டும். முதலில் வருவது அணில் அல்ல, சிட்டு. தலையில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு சின்னக் குருவி விரல் நுனியில் வந்து குந்தும். பாரமே தெரியாது, நகத்தின் பிடி மட்டும் தெரியும். கொட்டையைத் தூக்கிப் பார்த்து, பாரம் கூடினால் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். அது போன பிறகுதான் அணில் மரத்தால் தலைகீழாக இறங்கும். முன்னங்கால் இரண்டையும் என் பெருவிரலில் ஊன்றி, மூக்கால் உள்ளங்கையைத் தடவி, கொட்டையைக் கவ்விக்கொண்டு ஓடும். மூக்கு ஈரமாகவும் குளிராகவும் இருக்கும். உப்புப் போட்ட கச்சான் மட்டும் கொண்டுவராதீர்கள், அது அவற்றுக்கு ஆகாது. வருடம் முழுக்க, பனிக்காலத்திலும், இந்தப் பாதையில் நடக்கலாம்.

நடக்கும்போது பழைய கட்டடங்களை அண்ணாந்து பாருங்கள். தெற்கு பார்த்த நீளமான பல்கனிகள் வரிசையாக இருந்தால், அது ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனையாக இருந்திருக்கக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊர் வளர்ந்தது நோயாளிகளால்தான். மருந்து இல்லாத காலம். மலைக் காற்றிலும் வெய்யிலிலும் நோயாளிகளை மணிக்கணக்காகப் படுக்க வைத்தார்கள். 1940களில் மருந்து வந்த பிறகு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக ஹோட்டல்களாயின. அந்த வெய்யிலில் அப்படி என்ன இருக்கிறது என்று அளக்கப்போய்த்தான், 1926இல் பவுல் கோட்ஸ் என்ற அறிஞர் இங்கே ஓசோன் அளவீட்டைத் தொடங்கினார். உலகத்திலேயே மிக நீண்ட ஓசோன் பதிவு அதுதான். கருவிகள் பிறகு டாவோசுக்கு மாற்றப்பட்டுவிட்டன, ஆனாலும் அந்தத் தொடர் அறவில்லை. 1925 கிறிஸ்மஸ் விடுமுறைக்கு இங்கே வந்து தங்கிய எர்வின் ஷ்ரோடிங்கர், அலை இயக்கவியலின் சமன்பாட்டை யோசித்ததும் இந்த ஊரில்தான். பௌதிகம் படிக்கும் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதைச் சொல்லிக் கூட்டிவந்தால், பிள்ளைகள் போனிலிருந்து தலை நிமிர்த்துவார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு ஊர் சாத்தப்படும். கேபிள் காரும் நிற்கும், ஹோட்டல்களும் பூட்டும், சீசன் ஒப்பந்தக்காரர் போர்த்துக்கலுக்கோ வேறெங்கோ போய்விடுவார்கள். விளம்பரப் புத்தகங்களில் இந்த மாதங்கள் கிடையாது. எனக்கோ வருடத்திலேயே பிடித்த காலம் இதுதான், ஊர்க்காரர் ஒருவரோடு ஒருவர் கதைக்க நேரம் இருப்பது இப்போதுதான். பனிக்காலம் முழுக்கத் தலையாட்டிவிட்டுப் போன பாண்கடைக்காரி, உன் மகள் எந்த வகுப்பு என்று கேட்பாள். பனி உருகும் இடமெல்லாம், பழுப்புப் புல் நிமிருமுன்பே வெள்ளையும் ஊதாவுமாகக் குரோக்கஸ் பூ வந்துவிடும். மேலே மேய்ச்சல் நிலங்களில் முர்மெல்டியர் என்ற மலை அணில்கள் வளையைவிட்டு வெளியே வந்து, ஆளைக் கண்டால் விசில் அடிக்கும். இவற்றையெல்லாம் பார்க்க ஒரு பிராங்க்கும் கொடுக்கத் தேவையில்லை.

கோடை என்றால் உண்டர்சே. ஒபர்சேக்குக் கீழே காட்டுக்குள் இருக்கும் இந்த ஏரியில்தான் ஊர் குளிக்கும். தண்ணீர் குளிர்தான், மறைப்பதற்கில்லை. கீரிமலைக் கேணியில் குளித்த உடம்புக்கும் முதல் நிமிடம் மூச்சு முட்டும், பிறகு பழகிவிடும். நீச்சல் தெரியாத பெரியவர்கள் எங்கள் சமூகத்தில் நிறையப் பேர். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: மலை ஏரி பார்க்க அமைதியாக இருக்கும், கரையிலிருந்து இரண்டு எட்டில் ஆழம் வந்துவிடும். பிள்ளைகளைக் கண் விலக்காமல் பாருங்கள். சும்மா மிதக்க விருப்பமென்றால் ஒபர்சேயில் மிதி படகு இருக்கிறது. கோடையில் ஒரு இரவாவது தங்குகிறவர்களுக்கு ஹோட்டலில் கிடைக்கும் அரோசா கார்டில் மலை ஏறும் கேபிள் கார் சேர்ந்தே வரும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அது பெரிய மிச்சம். 2,653 மீட்டர் உயர வைஸ்ஹோர்ன் உச்சிக்குப் பாட்டியையும் கூட்டிப்போகலாம். ஒரு ஜம்பர் மட்டும் வேண்டும்.

அந்தக் கேபிள் காரின் நடு ஸ்டேஷனில் கரடிகளின் வளவு இருக்கிறது. 2018இல் முதலில் வந்த நாபா என்ற கரடி சேர்பியாவில் ஒரு சர்க்கஸில் இருந்தது. அடைபட்டு வளர்ந்த கரடிகளுக்கு இங்கே காடும் சரிவும் குளமும் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டை ஒரு இடத்தில் வைப்பதில்லை, மறைத்து வைக்கிறார்கள். கரடி மணந்து, தோண்டி, தானே தேடி எடுக்கவேண்டும். பழைய வழக்கத்தில் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடந்த விலங்கு, மெல்ல மெல்ல வேலிவரை போய்ப் பார்க்கும். எங்களில் பலர் அந்த வேலிக்கு முன்னால் கன நேரம் நின்றுவிடுகிறோம். ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

செப்டெம்பர் வந்ததென்று எனக்குக் குசினி சொல்லும். கிரபுண்டன் மாநிலத்தில் வேட்டை தொடங்கிவிட்டால் மானிறைச்சி வரும். வைனில் ஊறவைத்த ஹிர்ஷ்பெஃபர், கூடவே ஸ்பெட்ஸ்லி, சிவப்பு முட்டைக்கோவா, இனிப்புச் செஸ்நட். மிளகும் கராம்பும் அதில் விழுவதால், எங்கள் நாக்குக்கு ஓரளவு ஒத்துப்போகும் சுவிஸ் சாப்பாடு அதுதான். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் பூமாலையும் பெரிய மணியுமாகக் கீழே இறங்கும். ஒக்டோபரில் லார்ச் மரங்கள் மஞ்சளாகி ஊசி உதிர்க்கும். ஒரு ஞாயிறு கிடைத்தால் அப்போது வாருங்கள், அதற்குமேல் சொல்ல எனக்குச் சொல் வராது.

பனிக்காலத்தைப் பற்றி மற்றவர்கள் போதுமான அளவு எழுதியிருக்கிறார்கள். 2014இல் பக்கத்து மலை ஊரான லென்சர்ஹைடேயோடு கேபிள் காரால் இணைந்த பிறகு, பனிச்சறுக்குக்காரருக்கு இது பெரிய சாம்ராஜ்யம். சறுக்கத் தெரியாதவர்கள் பயப்படவேண்டாம். ஊருக்கு மேலே உள்ள ப்ரெட்ஷ்லியிலிருந்து மரச் சறுக்குவண்டியில் குந்தி, காலால் பிரேக் பிடித்தபடி ஊருக்குள் வந்து இறங்கலாம். அதற்குப் பயிற்சி வேண்டாம், தண்ணீர் ஏறாத சப்பாத்து வேண்டும். நடப்பதற்கென்று பனியை அழுத்தித் தட்டையாக்கிய பாதைகள் இருக்கின்றன. இரவில் ஐஸ் ஹொக்கி பார்க்கலாம். 1951 முதல் 1957 வரை ஏழு தடவை தொடர்ந்து சுவிஸ் சாம்பியனான அணி இந்தச் சின்ன ஊரினது. என் மகளின் வகுப்புப் பிள்ளைகள் அதை இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு போய்ச் சறுக்கப் பழகிவிட்டார்கள். பெற்றோர் ஜன்னலால் பார்த்த சரிவில் அவர்கள் கத்திக்கொண்டு இறங்குவதைப் பார்க்கும்போது, இது அவர்கள் ஊர் என்பதில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

குசினிகளில் இப்போது எங்கள் ஆட்கள் குறைவு. சட்டி கழுவும் இடத்தில் எரித்திரியப் பெடியன் ஒருவன் நிற்கிறான். போன வைகாசியில் வந்தவன். இடைவேளை முழுக்கப் போனோடு அறையில் இருந்தான். ஷ்வெல்லிசே ஏரிக்கு வழி சொன்னேன். இன்னெர்அரோசாவில் பஸ்ஸை விட்டு இறங்கு, மஞ்சள் பலகையில் பெயரும் நேரமும் போட்டிருக்கும், ஒரு மணி நேரம் ஏற்றம், அடிப்பகுதி வழுக்காத சப்பாத்துப் போடு, மழை மேகம் கண்டால் திரும்பிவிடு. ஏரிக்கரையில் அரை மணி நேரம் இருந்தாலும் ஐந்து மணிக்குக் குசினிக்கு வந்துவிடலாம். போய் வந்தவன், அதற்கு மேலே இன்னொரு ஏரி இருக்கிறதாமே என்று கேட்டான். ஆல்ப்ளிசே, 2,156 மீட்டர். அதற்கு இடைவேளை போதாது, இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு வேண்டும். செஃப்பிடம் கேட்டிருக்கிறோம்.