திருச்சுழியில் ஒரு வாசனைப் பாடம்

சுருட்டுக் குடித்தறியாதவன் சுருட்டின் சுவையைப் பற்றி எழுதப் புகுவது, நீந்தத் தெரியாதவன் கரையில் நின்றுகொண்டு கடலை வருணிப்பது போலத்தான். இருந்தும் எழுதத் துணிந்துவிட்டோம். இருபது வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி வரும் நாம் புகையிலைப் பக்கமே தலைவைத்துப் படுத்தவரல்ல. ஆயினும் சென்ற புரட்டாசியில், காலாண்டு விடுமுறையின்போது, உறையூரில் வாங்கிய சுருட்டுக் கட்டு ஒன்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திருச்சுழிக்குப் பிரயாணம் செய்ய நேர்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்று 2003-ஆம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. உபாத்தியாயரின் பையில் அது இருக்கலாமா என்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. எனினும், மதுரையில் பஸ் ஏறியதும் பழைய மாணவன் ஒருவன் எழுந்து நமக்கு இடம் கொடுத்தபோது, பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டோம்.

கட்டு நம் தாய்மாமனுக்காக வாங்கியது. அவர் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவர். பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இராச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, ஆக நாளுக்கு இரண்டு சுருட்டு. கொளுத்துவதற்கு முன் அதைக் காதருகே வைத்து விரலால் உருட்டிப் பார்ப்பார்; பிறகு மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். "இது திண்டுக்கல் பக்கத்து இலை, பாடம் போதவில்லை" என்று தீர்ப்புச் சொல்வார். சிறு பிராயத்தில் நமக்கு அது மந்திர வித்தையாகத் தோன்றியது.

நான்கு வருஷங்களுக்கு முன் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. மதுரையில் ரண சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் கழுத்தில் உள்ள துவாரத்தின் வழியாகச் சுவாசிக்கிறார். மூக்கின் வழியே காற்றுப் போகாததால், பேச்சுடன் வாசனையும் போய்விட்டது. பேச்சுக்குப் பதிலாக ஒரு சிலேட்டு இருக்கிறது. வாசனைக்குப் பதில் ஒன்றுமில்லை.

அவரிடமிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது: "உறையூர்ச் சுருட்டு ஒரு கட்டு வாங்கி வரவும்." மறுநாளே அத்தை டெலிபோனில் பதறினாள்: "தம்பி, அவரு எழுதுனாருன்னு வாங்கிட்டு வந்துராதீக!" நாம் விசாரித்து எழுதியதற்கு மாமன் இரண்டே வரியில் பதில் போட்டார்: "குடிப்பதற்கல்ல, மாப்பிள்ளை. நீ மோந்து சொல்வதற்கு."

மதுரைக்குத் தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் அருப்புக்கோட்டை. காரியாபட்டியைத் தாண்டியதும் பூமி நிறம் மாறிக் கறுக்கத் தொடங்குகிறது. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும் பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தி, சோளம், கம்பு, மல்லி, மிளகாய் என்பன இந்த மண்ணின் செல்வங்கள். உழுது விதைக்காத இடமெல்லாம் சீமைக் கருவேலம் ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறது. அதை வெட்டி அடுக்கி, மண் பூசி, நாட்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். சாலையோரத்து மூட்டத்திலிருந்து மெல்லிய நீலப்புகை எழுந்தது. பஸ் ஜன்னல் வழியாக அது உள்ளே வந்தபோது, "புகை" என்று மட்டும் நினைத்துக்கொண்டு மூக்கைப் பொத்தினோம். இரண்டு நாள் கழித்து அதே சாலையில் திரும்பியபோது பொத்தவில்லை.

திருச்சுழி, அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றின் கரையில் இருக்கிறது. திருமேனிநாதர் கோயிலைச் சேவிக்க வருகிறவர்களும், 1879-இல் ரமண மகரிஷி பிறந்த வீடாகிய சுந்தர மந்திரத்தைக் காண வருகிறவர்களும் இந்த ஊருக்கு உண்டு. நாமும் இரண்டையும் தரிசித்தோம். ஆறு என்னவோ மணலாகத்தான் இருந்தது.

மாமன் வீட்டுத் திண்ணையில் பாடம் ஆரம்பமாயிற்று. கட்டைப் பிரித்து ஒரு சுருட்டை எடுத்து மோந்தோம். "புகையிலை வாசனை அடிக்கிறது" என்றோம். மாமன் சிலேட்டில் எழுதினார்: "வாழைப்பழம் எப்படி இருக்கிறது என்றால் வாழைப்பழம் மாதிரி என்பாயா?" பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளைகளை இப்படித்தான் மடக்குவது வழக்கம். ஆகவே வாயடைத்துப் போனோம்.

பிறகு அவர் ஒரு கருப்பட்டித் துண்டைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்னச் சொன்னார். வெறும் இனிப்பு, சீனியா, வெல்லமா, கருப்பட்டியா என்று நாக்குக்குத் தெரியவில்லை. மூக்கை விட்டதும் பனையும் புகையும் மண்ணுமாகக் கருப்பட்டி வந்து சேர்ந்தது. இனிப்பு, கைப்பு, உவர்ப்பு முதலியவற்றை மட்டுமே நாக்கு அறியும். நாம் சுவை என்று கொண்டாடுவதில் பெரும் பகுதி வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். மாமன் இதைச் சாஸ்திரம் படித்து அறிந்தவரல்லர். இழந்த பிறகு அறிந்தவர். அத்தையின் குழம்பு இப்போது அவருக்கு உப்பும் புளிப்பும் உறைப்புமாக மட்டுமே இருக்கிறதாம்.

அடுத்தபடி அத்தையிடம் சொல்லிச் சிறு கிண்ணங்கள் வைக்கச் செய்தார். ஊறவைத்த பருத்திக்கொட்டை, மல்லி விதை, வேப்பம்பட்டை, காய்ந்த பனையோலை, நீர் தெளித்த கரிசல் கட்டி, கருவேலங்கரி. ஒரு கிண்ணம், ஒரு சுருட்டு, மறுபடி கிண்ணம் என்று மாறி மாறி மோக்க வேண்டும். மூக்குச் சலித்தால் நம்முடைய புறங்கையை மோந்து தெளிவித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு திடீரென்று, சுருட்டின் வாய்ப்பக்கத்தில் ஊறிய பருத்திக்கொட்டை வந்து நின்றது! ஒரு முறை வந்த பிறகு அது போகவே இல்லை. அரிச்சுவடியில் ஓர் எழுத்தைக் கண்டுகொண்ட குழந்தை தெருப் பலகையிலெல்லாம் அதைத் தேடுவது போல நாமும் மோந்து மோந்து தேடினோம்.

"தொழுவம் வருகிறதா?" என்று மாமன் எழுதினார். மாட்டுத் தொழுவத்தில் மூக்கைக் குத்தும் அந்தக் கார நெடி சுருட்டில் இருந்தால் இலை இன்னும் பாடமாகவில்லை என்று அர்த்தம். காய்ந்த இலைகளை அம்பாரமாக அடுக்கிவைத்தால் உள்ளே தானாகவே சூடு ஏறும். அம்பாரத்தைக் கலைத்து, மேலடுக்கைக் கீழும் கீழடுக்கை மேலுமாக மாற்றி அடுக்குவார்கள். இப்படிப் பல தடவை செய்யும்போதுதான் அம்மோனியா நெடி வெளியேறி இலை சாந்தப்படுகிறது. அவசரக்காரன் கட்டிய சுருட்டில் தொழுவம் இருக்கும். நம் கட்டில் லேசாக இருந்தது.

சாம்பலைப் பார்த்தும் அவர் கணக்குச் சொல்வதுண்டு. உப்புக் கிணற்று நீர் அதிகம் பாய்ந்த இலை சரியாகக் கனியாது, அடிக்கடி அணையும். சாம்பல் பரீட்சை என்றதும், படித்த கர்வத்தால் நாம் ஷெர்லக் ஹோம்ஸை இழுத்தோம். 1887-இல் வெளியான முதல் கதையிலேயே அந்தத் துப்பறிபவன் சிந்திய சாம்பலைக் கொண்டு, கொலையாளி குடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறான். ஆங்கிலேயர் சுருட்டுக்குச் சொல்லும் 'செரூட்' என்ற வார்த்தையே நம் தமிழ்ச் சொல்தான். மாமன் சிரித்தார், சத்தமில்லாத சிரிப்பு. "அவன் சாம்பலைப் பார்த்தான். எழுதிய கானன் டாயில் உறையூருக்கு வந்தானா?" என்று எழுதினார்.

மேல்நாட்டு ரசிகர்கள் சுருட்டில் தேவதாரு, தோல், காப்பி, கொக்கோ என்றெல்லாம் பட்டியல் போடுகிறார்கள் என்று நாம் சொன்னோம். கலிபோர்னியாவில் 1984-இல் ஆன் நோபிள் என்ற அம்மையார் திராட்சை மதுவுக்கென்று ஒரு வாசனைச் சக்கரமே வரைந்து கொடுத்ததையும் சொன்னோம். "தேவதாருவை நான் மோந்ததில்லை. எனக்கு வேம்புதான் வரும்" என்று மாமன் எழுதினார். இதில் ஒரு விநோதம் இருக்கிறது. அயல்நாட்டுச் சுருட்டுகளை அடைத்துவைக்கும் பெட்டிக்கு 'ஸ்பானிய தேவதாரு' என்று பெயரிருந்தாலும், அந்த மரம் தேவதாரு ஜாதியே அல்ல. தாவர சாஸ்திரப்படி அது வேப்பங் குடும்பத்தைச் சேர்ந்தது. இதைச் சொன்னதும் மாமன் சிலேட்டைத் தொடையில் தட்டிக்கொண்டார். கடன் வாங்கிய பெயரைவிடச் சொந்த மூக்கு நம்பத்தக்கது என்று நமக்கும் பட்டது. இருந்தாலும் வேம்பை நாம் அன்று கண்டுபிடித்தோமா, அவருக்காகக் கண்டுபிடித்தது போல் சொன்னோமா என்பது இப்போதும் நிச்சயமில்லை.

மாலையில் மாமன் ஒரு பழைய கணக்கு நோட்டை வெளியே எடுத்தார். தேதி, கடை, விலை, வாசனை என்று நான்கு பத்திகள். பல வருஷத்துச் சுருட்டுகளின் கணக்கு அது. கடைசிப் பதிவுக்குப் பின் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அன்றைய தேதியைத் தம் கையாலேயே போட்டு, பேனாவை நீட்டிக்கொண்டு நம் முகத்தைப் பார்த்தார். நாம் சொல்லச் சொல்ல எழுதினார்: வாய்ப்பக்கம், ஊறிய பருத்திக்கொட்டை. நடுவில், நனைந்த கரிசல், சிறிது பனையோலை. லேசாகத் தொழுவம். "இன்னும்?" என்று தலையை ஆட்டினார். நமக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அதுவரை சுருட்டுக் கட்டைத் தொடாமல் விலகியே நின்ற அத்தை, ஒன்றைக் கையில் எடுத்தாள். ஒரே தடவைதான் மோந்தாள். "ஒங்க மாமா சட்டை வாசம்" என்றாள். "கடையிலருந்து வந்து கழட்டிப் போடுவாரு பாருங்க, அது. இப்ப அவரு சட்டையில சோப்பு வாசந்தான் வருது."

மாமன் வெகு நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு நான்காவது பத்தியில் அதையும் எழுதி, கோடு போட்டு முடித்தார்.

மறுநாள் காலையில் புறப்படும்போது கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவதாக அத்தையிடம் சொன்னோம். அவள் இரும்புப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த பழைய வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே அதைச் சொருகிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும் தம்பி. பூச்சி அண்டாது" என்றாள்.