கடைசி முப்பது அடி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள மம்சாபுரத்தில் வாழும் நமக்குக் காற்றும் மழையும் புதியவை அல்ல. ஆனி, ஆடியில் மலைக்காற்று ஓடுகளை அசைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை முற்றத்தை நிறைக்கும். இவ்விரண்டையும் தாங்கி நிற்கும் எளிய பொருளொன்றை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்குள் வரும் கேபிளே அது.

1982-இல் இலங்கை ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியபின், தென்மாவட்டங்களில் நெடிய கம்பங்கள் எழுந்தன. கடல் கடந்து வரும் படத்துக்காகக் கம்பத்தை மேலும் பத்தடி உயர்த்தத் தயங்காதவர்கள், அதிலிருந்து இறங்கிய கம்பியைச் சுவரோரம் தொங்கவிட்டார்கள். வெயிலில் அதன் உறை வெடித்தது. மழைநாளில் படம் மங்கியது. பழியோ வானத்தின்மேல் விழுந்தது!

இன்று கம்பங்கள் போய்த் தட்டுகள் வந்துவிட்டன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளிலிருந்து வருவது, பெரும்பாலும் கடைசி முப்பது அடியில்தான் தொலைகிறது.

2020 ஊரடங்கில் ஆலயங்கள் மூடியிருந்தபோது, படுக்கையிலிருந்த நம் அத்தைக்குத் தொலைக்காட்சித் திருப்பலியே ஆறுதலாயிருந்தது. ஒரு கோடைமழைக்குப் பின் படம் நின்றுபோயிற்று. தட்டு அசையவில்லை. பொருத்தியவர் முற்றத்து மண்மேல் வெறுமனே இழுத்துச் சென்றிருந்த கேபிளின் உறையில் மண்வெட்டி பட்ட கீறல் ஒன்று. அதன்வழி புகுந்த நீரால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. படம் இறங்கும் அதே கேபிளில்தான் தட்டின் முனையிலுள்ள கருவிக்கு மின்சாரமும் ஏறுகிறது. ஈரம் இரண்டையும் கெடுத்துவிட்டது. கடை திறந்து புதிய கேபிள் வாங்குவதற்குள் மூன்று ஞாயிறுகள் கழிந்தன.

இம்முறை கவனமாகச் செய்தோம். வெயிலைத் தாங்கும் கறுப்பு உறையுடைய கேபிளைத் தேர்ந்தோம். தட்டருகே இணைப்பின்மேல் இழுத்தால் நீளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினோம். ஓடு வேய்ந்ததுபோல நீர் வழிந்துவிடும். சுவருக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றுத் தாழ வளைத்தோம். மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடுகிறது. முற்றத்தில் ஒன்றரை அடி ஆழம் தோண்டி, மணல் பரப்பி, பிளாஸ்டிக் குழாய்க்குள் கேபிளைச் செலுத்தி, மேலே செங்கல் அடுக்கினோம். மண்ணுக்கடியில் இணைப்பு எதுவும் வைக்கவில்லை. மின்வாரியக் கம்பிகளை விட்டு விலகியே வேலை செய்தோம். தட்டின் தாங்கியைச் செம்புக் கம்பியால் நிலத்தோடு இணைத்தோம். இது மின்னலின் தீங்கைக் குறைக்குமேயன்றி முற்றும் தடுக்காது. ஆகவே இடிமேகம் திரளுமுன்பே இணைப்பைக் கழற்றிவிடுகிறோம்.

அடுத்த ஞாயிறன்று அத்தை கைகூப்பியபடி திருப்பலி கண்டார்.

அன்பர்களே, ஆலயங்கள் திறந்து ஆண்டுகள் பல ஆயின. எனினும் படியேற இயலாதோர் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். நெடுந்தொலைவிலிருந்து நம்மை வந்தடைந்த நற்சொல்லை, அடுத்த வீட்டுக் கட்டிலருகே கொண்டு சேர்க்க வேண்டியவர் யார்? அதற்கும் நாம் நடக்க வேண்டியது சில அடிகளே.