கயிற்றை இழுத்த பின்னர்

மலையற்ற யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்த எமக்கு, ஆழம் என்றால் கிணறு. கயிறு என்றால் துலாக் கயிறு. கிணற்றினுள் வாளிதான் இறங்கும். நாம் கட்டிலே நின்று பார்ப்போம். கடந்த ஓகஸ்ட் விடுமுறையிலே இந்த முறை மாறிற்று. வாளியின் நிலை எத்தகையது என்பதை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைநிலப் பிளவு ஒன்றிலே நாம் நேரில் அறிந்து கொண்டோம்.

அம்மாநிலத்தின் தலைநகரான சோல்ட் லேக் நகரிலே எமது தம்பியார் குடும்பத்துடன் வாழ்கின்றார். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 300 மைல் சென்றால் சயன் தேசியப் பூங்காவை அடையலாம். தமிழ் விவிலியத்திலே 'சீயோன்' என வழங்கும் பெயரே இது. பாயூட் பழங்குடியினரின் தொன்மையான வாழிடமாகிய இந்நிலம், 1919ஆம் ஆண்டு தேசியப் பூங்கா ஆயிற்று. ஆண்டிற்கு 15 அங்குல அளவே மழை பெறும் வறண்ட பூமி அது.

அங்குள்ள செந்நிறப் பாறை நவஹோ மணற்கல் எனப்படும். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பெரும் பாலைவனம் ஒன்றின் மணற்குன்றுகளாக இருந்ததே இன்று சில இடங்களில் 2,000 அடிக் கனமுள்ள கல்லாகி நிற்கின்றது. வெள்ளம் பாயும்போது அது வாரிச் செல்லும் மணலே அரமாகிப் பாறையை அறுக்கின்றது. இவ்வாறு அறுபட்ட பிளவுகள் சில மிக ஒடுங்கியவை. கைகளை விரித்தால் இருபுறச் சுவரும் தட்டுப்படும். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா போலத் தோன்றும்.

இப்பிளவுகளின் வழியே நடந்தும், நீந்தியும், கயிற்றில் இறங்கியும் செல்வதைக் கன்யனியரிங் என்பர். பாறையிலே பொருத்திய வளையத்தினூடே கயிற்றைக் கோத்து, இரு தலைப்பையும் கீழே விடுவார்கள். இறங்குபவர் இடுப்பையும் தொடைகளையும் சேர்த்து வாரினாற் கட்டிக்கொள்வார். 8 என்னும் இலக்க வடிவான உலோகக் கருவி ஒன்று அவ்வாரையும் கயிற்றையும் இணைக்கும். கருவியிலே கயிறு உராய்வதால் வேகம் தணியும்; கீழ்க்கையின் பிடி அதனை மேலும் அடக்கும். யாவரும் இறங்கிய பின் ஒரு தலைப்பை இழுத்தால், மறு தலைப்பு மேலேறி, வளையத்தைக் கடந்து, முழுக் கயிறும் காலடியில் விழும். அடுத்த இறக்கத்திற்கும் அதே கயிறுதான்.

இங்கேதான் இப்பயணத்தின் உயிர்நிலை உள்ளது. மலை ஏறுபவன் களைத்தால் வந்த வழியே திரும்பலாம். இதிலோ, முதற் கயிற்றை இழுத்தபின் திரும்பும் வழி இல்லை. ஆதலால் ஆலோசிக்க வேண்டிய அனைத்தையும் மேலே நிற்கும்போதே ஆலோசித்தல் வேண்டும்.

அவ்வாலோசனையில் முதன்மையானது மழை. அந்நாட்டின் தென்மேற்கிலே கோடையின் பிற்பகுதியில் பருவமழை உண்டு. தலைக்கு மேலே வெயில் எறிக்கும்போதும், சில மைல்களுக்கு அப்பாற் பெய்த மழை பிளவினுள் வெள்ளமாய் வந்துவிடும். 1997 ஓகஸ்டில் அரிசோனா மாநிலத்தின் அன்ரலோப் பிளவிலே 11 பயணிகள் இவ்வாறு மாண்டனர். சயனிலேயே, கீஹோல் என்னும் பிளவினுள் 2015 செப்டெம்பர் 14ஆந் திகதி எழுவர் உயிரிழந்தனர்.

நாம் தெரிந்தெடுத்தது பைன் கிறீக் என்னும் பிளவு. தம்பியாரும் மனைவியாரும், பதினெட்டு வயதான எமது பெறாமகனும் இக்கலையிற் பல்லாண்டு பழகியவர்கள். நாமும், எமது மனைவியும், பதினாறு வயது மகளும் புதியவர்கள். பூங்காவிற்கு வெளியே சிறு பாறைகளில் இரண்டு நாள் பயின்றோம். அனுமதிச் சீட்டும் பெற்றோம்.

குறித்த நாட் காலையிலே பூங்கா நிலையத்திற்குச் சென்றபோது, அன்று திடீர் வெள்ளம் 'ஏற்படக்கூடும்' என அறிவிக்கப்பட்டிருந்தது. தம்பியார் ஒரு சொல்லும் பேசாமற் கயிறுகளை மீண்டும் வண்டியில் ஏற்றினார். மகளுக்குக் கண் கலங்கியது. அன்று மாலைவரை ஒரு துளி மழையேனும் பெய்யவில்லை. "பெரியப்பா, இண்டைக்குப் போயிருக்கலாம்" என்று பெறாமகன் முணுமுணுத்தான். "போயிருக்கலாம். ஆனால் அது இப்பதானே தெரியுது" என்றார் தம்பியார்.

மூன்றாம் நாள் வெள்ளம் எதிர்பார்க்கப்படவில்லை. புதிய அனுமதியுடன் அதிகாலையிலே புறப்பட்டோம். முதல் இறக்கம் முடிந்து கயிறு விழுந்தபோது எவரும் பேசவில்லை. வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே சூரியனைக் காணாத குட்டைகள். இறப்பர் அங்கி அணிந்திருந்தும் எமக்குப் பற்கள் கிட்டின. ஓரிடத்திலே சுவர்கள் மேலே வளைந்து கவிந்து, கோபுரத்தின் உட்புறம் போன்ற மண்டபம் ஆயின. அங்கே நீரிற் பட்ட ஒளி பாறையிலே அசைந்தாடியதை வருணிக்க எம்மிடம் சொல் இல்லை.

இறுதி இறக்கம் ஏறக்குறைய 100 அடி. அதன் பெரும்பகுதியிலே காலூன்றப் பாறையும் இல்லை. அந்தரத்திலே தொங்க வேண்டும். பெறாமகன் முதலில் இறங்கினான். எமது மனைவி, அடுக்களைக்குப் போவதுபோல், அமைதியாகச் சென்றார். அடுத்து மகளும் தம்பியாரின் மனைவியாரும் இறங்கினர். கீழே நிற்பவர் ஒருவர் கயிற்றின் அடியைப் பிடித்திருத்தல் வழக்கம். மேலே வருபவரின் கை தவறினால், அவர் கயிற்றை இறுக்கி இழுக்க, இறங்குபவர் நின்றுவிடுவார். "அப்பாவுக்கு நான் பிடிக்கிறன்" என்றாளாம் மகள். பெறாமகன் அவள் அருகிலே நின்றான்.

பாறை விளிம்பைக் கடந்ததும் எமது கால்கள் வெறுவெளியை உதைத்தன. உடல் மெல்லச் சுழன்றது. கயிறோ ஈரம், விரல்களோ குளிரால் விறைத்திருந்தன. பாதி வழியிலே கீழ்க்கையின் பிடி தளர்ந்தது. கயிறு கையினூடே ஓடிற்று. நாம் விழுகின்றோம் என்று உணர்ந்த கணத்திலேயே கயிறு விறைத்து, அந்தரத்தில் நின்றோம்.

"அப்பா, கீழே பாராதேங்கோ. நான் பிடிச்சிருக்கிறன். கையைச் சரியா வையுங்கோ."

கட்டளை இடும் குரல் அது. வகுப்பறையிலே இருபது ஆண்டுகளாக நாம் பயன்படுத்தி வரும் அதே குரல். மாணவனைப் போலக் கீழ்ப்படிந்தோம். கையைத் திருத்தினோம், அவள் கயிற்றைத் தளர்த்தினாள், மெல்ல மெல்ல நிலத்தை அடைந்தோம். அவள் எம்மைக் கட்டிக்கொள்ளவில்லை. கருவியிலிருந்து கயிற்றைக் கழற்றச் சொல்லிவிட்டு, அடுத்து வரும் சித்தப்பாவை நோக்கி அண்ணாந்து நின்றாள்.

அப்பாற் பாறைகளின் மேலேறித் தாண்டி வீதியை அடைந்தோம். மேலே, 1930இல் முடிக்கப்பட்ட, ஒரு மைலுக்குச் சற்று அதிக நீளமான மலைச் சுரங்கத்தின் சாளரங்கள் தெரிந்தன. நாம் ஐந்து மணி நேரம் வருந்திக் கடந்த வழியை, அதனுள்ளே வண்டிகள் சில நிமிடங்களிற் கடந்துகொண்டிருந்தன.

இத்தகைய பயணத்தை விரும்பும் இளைஞர் தக்க ஆசிரியரிடம் முதலிற் பயில்க. வானம் ஐயத்திற்கிடமானால், வெட்கமின்றித் திரும்புக. பிள்ளைகளுடன் செல்லும் பெற்றோருக்கு ஒன்று மாத்திரம் கூறுவோம்: கயிற்றின் அடியைப் பிடிக்க அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். அன்றிரவு மகளின் உள்ளங்கையிலே கயிற்றுத் தழும்பு சிவந்திருந்தது. எமது கையிலும் அவ்வாறே.