மேலிருந்து பார்த்த ஊர்

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியில் எனக்கு நான்கு நிமிடப் பயணப் பகுதி ஒன்று உண்டு. வானொலியில் படம் காட்ட முடியாது. கண்ணால் பார்த்ததை வாயால்தான் வரைந்து காட்ட வேண்டும். போன வாரம் நான் எடுத்துக்கொண்ட ஊர் ஸ்காட்லாந்தின் இன்வரேரி. கிளாஸ்கோவில் படிக்கும் தோழி ஒருத்தி, ட்ரோனில் எடுத்த காணொளியை அனுப்பியிருந்தாள். அதை வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கேமரா நீர்ப்பரப்பின் மேல் தாழப் பறந்து வருகிறது. லாக் ஃபைன் பார்ப்பதற்கு ஏரி மாதிரிதான் இருக்கும். உண்மையில் மலைகளுக்கு நடுவே நீண்டு நுழைந்த கடல். கரை முனையில் கறுப்பு ஜன்னல் சட்டம் வைத்த வெள்ளை வீடுகள். நடுத்தெருவில் தீவு போல ஒரு தேவாலயம். ஊரைத் தாண்டினால் பரந்த புல்வெளி, அதன் நடுவே கோட்டை. நான்கு மூலையிலும் உருண்டைக் கோபுரங்கள், மேலே கூம்புத் தொப்பிகள். அந்தத் தொப்பிகள் 1877 தீ விபத்துக்குப் பிறகு வந்தவையாம். ‘டௌன்டன் ஆபி’ தொடர் பார்த்தவர்களுக்கு இந்தக் கோட்டை நினைவிருக்கலாம். 2012 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியில் வந்தது.

‘நீர்க்கரையில் தானாகப் பூத்த அழகிய சிற்றூர்’ என்று எழுதி, சத்தமாகப் படித்தும் பார்த்தேன்.

பாட்டி கீரையிலிருந்து தலையைத் தூக்கினார். “ஏம்மா, தானா வளந்த ஊரு இப்படியா கோடு போட்ட மாதிரி இருக்கும்? நம்ம தோட்டத்து லயம்தான் இப்படி இருக்கும்.”

ஊடகத் துறையில் பட்டம் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை. தேடிப் படித்தேன். பழைய இன்வரேரி இருந்தது கோட்டைக்குப் பக்கத்தில், ஆற்றோரத்தில். மூன்றாம் ஆர்கைல் பிரபு 1740களில் புதுக் கோட்டை கட்டத் தொடங்கினார். அதற்கு முன்னால் ஊர் ஒன்று நெரிசலாக நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஊரையே பெயர்த்து, கொஞ்ச தூரம் தள்ளி, கரை முனையில் புதிதாக அமைக்கத் திட்டம் போட்டார். 1761இல் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. ஐந்தாம் பிரபு காலத்தில்தான், 1770களில், பழைய ஊரின் மிச்சமும் போனது. ராபர்ட் மில்ன் என்ற கட்டடக் கலைஞர் புது ஊரில் வரிசையாக மாடிக் குடியிருப்புகள் எழுப்பினார். அந்தத் தேவாலயமும் அவர் கட்டியதுதான். கேலிக் மொழி பேசியவர்களுக்கு ஒரு பாதி, ஆங்கிலம் பேசியவர்களுக்கு ஒரு பாதி, நடுவில் சுவர். மேலிருந்து பார்த்தால் கூரை ஒன்றுதான், சுவர் தெரியாது.

பாட்டிக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பிரபுவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“பரவால்லையே, போறதுக்கு ஒரு ஊரு கட்டியிருக்காரு,” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிறந்து, கல்யாணமாகி, நான்கு பிள்ளை பெற்ற தோட்டம் விற்கப்பட்டபோது எனக்கு ஆறு வயது. லாரியில் ஏற்றிய அம்மிக்கல் மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. கையில் எவ்வளவு கொடுத்தார்கள், வாடகை வீட்டுக்கு அது எத்தனை மாதம் வந்தது என்பதெல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம்.

‘தானாகப் பூத்த’ என்பதை அடித்துவிட்டேன். சனிக்கிழமை நான்கு நிமிடத்தில் மூன்றைப் பழைய ஊருக்கே கொடுத்துவிட்டேன். கோட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்றார் தயாரிப்பாளர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மழையில் நனைந்தால் அந்தக் கல் கறுத்துவிடும் என்பதைக்கூட நான் சொல்லவில்லை.

அன்று மாலை பாட்டி மறுபடியும் அந்தக் காணொளியைப் போடச் சொன்னார். கேமரா கோட்டைக்கு முன்னால் இருக்கும் புல்வெளிக்கு வந்ததும், “அங்க கொஞ்சம் நிறுத்தும்மா,” என்றார்.