பனம்பழம் விழும் காலம்

ஆடி பிறந்து காற்று சுழன்றடிக்க ஆரம்பித்ததும், நம் பட்டணத்துப் பழக்கடைகளில் ஹிமாசலப் பிரதேசத்து ஆப்பிள் வந்து இறங்குகிறது. அந்த மலைநாட்டில் அப்போது அறுவடை. மேல்நாடுகளிலோ, ஆப்பிள் பழுத்துவிட்டால் ஊர் ஊராகத் திருவிழா. வீட்டுக்கு வீடு ஆப்பிளை மாவுக்குள் பொதிந்து அடுப்பில் சுடுவார்கள். "நமக்கு அப்படி ஒரு பழம் இல்லையே!" என்று பெருமூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். என்னோடு ஒரு நடை தனுஷ்கோடிக்கு வாருங்கள்.

பாம்பன் பாலத்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து, இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துத் தீர்த்த பிறகு வருவது தங்கச்சிமடம். அங்கே தென்னையோடு போட்டி போட்டுக்கொண்டு நிற்கின்றன பனைகள். ஆடி அமாவாசையன்று ராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்தில் நீராடப் பெருங்கூட்டம் கூடும். அந்த நாட்களை ஒட்டித்தான் பனம்பழமும் கனிந்து விழத் தொடங்குகிறது. பறிக்க ஏணி வேண்டாம், ஆள் வேண்டாம். ராத்திரிக் காற்றில் 'தொப்'பென்று சத்தம் கேட்கும்; விடிந்ததும் போய் எடுத்துவர வேண்டியதுதான். (காற்றடிக்கும்போது மட்டும் மரத்தடியில் நிற்காதீர்கள். தலைக்கு உத்தரவாதமில்லை!)

வழியில் ஒரு குடிசை வாசலில், பாட்டியம்மாள் ஒருத்தி விறகுத் தணலில் பழத்தைப் புரட்டிப் புரட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள். கரிய தோல் வெடித்ததும் உரித்துக் கொடுத்தாள். அடாடா, அந்த வாசனை! உள்ளே தும்பு தும்பாக ஆரஞ்சு நிறச் சதை. கடித்து இழுத்துச் சப்பித்தான் சாப்பிட வேண்டும். நாகரிகம் பார்த்தால் நடக்காது. முகமெல்லாம் மஞ்சள் பூசிய மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

"எவ்வளவு ஆத்தா?" என்று கேட்டேன்.

"விழுந்த பழத்துக்குக் காசா தாயி? எங்க வீட்டுப் பிள்ளைகளே தொட மாட்டேங்குதுக. நீயாச்சும் தின்னுட்டுப் போ" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

தனுஷ்கோடியில் இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோடு, 2017-இல் திறந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் விட்டுவைத்த சர்ச் சுவர்களையும் ரயில்வே கட்டடங்களையும் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். நீங்கள் ஒரு நிமிஷம் கிழக்கே திரும்பி நில்லுங்கள். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளித் தலைமன்னார். 1914 முதல் புயல் வரை, சென்னையிலிருந்து 'போட் மெயி'லில் இங்கு வந்திறங்கிக் கப்பலேறி, அக்கரையில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். புயலுக்குப் பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது.

அக்கரையில், இன்னும் வடக்கே போனால் யாழ்ப்பாணம். அதுவும் பனை நாடு. ஆனால் நாம் சுட்டுத் தின்பதோடு நிறுத்திக்கொண்ட பழத்தை அவர்கள் பலகாரமாக்கினார்கள். சாற்றைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்திப் 'பினாட்டு' என்று சேமித்தார்கள். சண்டைக்குத் தப்பி 1983 முதல் இக்கரைக்கு வந்தவர்கள் பலர் மண்டபம் முகாமில் தங்கினார்கள். திரும்பும் வழியில் மண்டபத்தில், அப்படி வந்த ஓர் அம்மாள்தான் எனக்குப் பனங்காய்ப் பணியாரம் சொல்லிக் கொடுத்தார்.

நன்றாகக் கனிந்த பழத்தைத் தோலுரித்து, சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து, துணியில் வடிகட்டுங்கள். சர்க்கரை சேர்த்து அடுப்பில் வைத்துக் கிளறினால் கசப்பும் பச்சை வாசனையும் போகும். ஆறியதும் வறுத்த அரிசி மாவோ கோதுமை மாவோ, ஒரு சிட்டிகை உப்போடு சேர்த்துக் கிள்ளிப் போடும் பதத்தில் பிசைந்து, எண்ணெயில் சிறு உருண்டைகளாகப் போட்டுச் சிவக்க எடுங்கள். நான் கரண்டியை எடுத்தேன். "கரண்டி வேண்டாம் பிள்ளை, கையாலதான் கிள்ளிப் போடோணும்" என்று பிடுங்கி வைத்துவிட்டார்! மறுநாள் சாப்பிட்டால் ருசி இன்னும் கூடும். எங்கள் வீட்டில் மறுநாள்வரை மிஞ்சினால்தானே?

கொட்டையை எறிந்துவிடாதீர்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று இருக்கும். மண்ணில் புதைத்தால் ஐப்பசி மழையில் முளைவிட்டு, பொங்கலுக்குக் கிழங்காகிவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு அவிக்கிறோமே, அதே கிழங்குதான். தோண்டாமல் விட்டால் மரம். காய்க்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 2021-இல் தமிழக அரசு லட்சக்கணக்கில் பனை விதை நடவும், கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாதென்றும் அறிவித்தது. நட்ட மரத்தில் ஏற ஆள் வேண்டுமே என்பது பாட்டியம்மாளின் கவலை.

இரண்டு பழங்களை ஓலைப் பெட்டியில் வைத்து ரயிலேறினேன். பெட்டி முழுதும் வாசனை. எதிர் பெஞ்சு மாமி மூக்கைச் சுளித்து, "என்னடி அம்மா அது?" என்றார். பரமக்குடி தாண்டுவதற்குள் அவரே, "எனக்கு ஒன்று கொடேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மிச்சம் இருந்த ஒன்றின் மூன்று கொட்டைகளும் மொட்டை மாடியில் பழைய வாளி மண்ணுக்குள் இருக்கின்றன. மார்கழிக் கடைசியில் தோண்டிப் பார்க்க வேண்டும்.